பல்கலைக்கழக நூலகங்களில் பணியாளர் பொறுப்புகளும் நிருவாக அமைப்பும்: சென்னை முதல் மலாயா வரை ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பல்கலைக்கழக நூலகங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நூல்களின் எண்ணிக்கையையும் கட்டடங்களின் வளர்ச்சியையும் கூறி அமைவர். அந்நூல்களைத் தெரிந்து வாங்கியவர் யார், பட்டியலிட்டவர் யார், தேடி வந்த மாணவரின் கையில் எடுத்துக் கொடுத்தவர் யார் என்னும் வினாக்கள் அவ்வரலாறுகளில் அருகியே இடம்பெறுகின்றன. ஒரு நூல் நூலகத்தில் இருப்பது வேறு. அது தேடுவோர்க்குக் கிடைப்பது வேறு. இவ்விரண்டிற்கும் இடையில் நிற்பவர் நூலகப் பணியாளர். அவருடைய பொறுப்பு காலந்தோறும் எவ்வாறு மாறியது, அம்மாற்றத்திற்கு ஏற்ப நூலகத்தின் நிருவாக அமைப்பு எவ்வாறு வகுக்கப்பட்டது என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

இவ்வாய்வுக்கு மூன்று காலக்கட்டங்களை நாம் எடுத்துக்கொள்கிறோம். முதலாவது, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் சீ. இரா. அரங்கநாதன் பணியாற்றிய 1924 முதல் 1944 வரையிலான காலம். இரண்டாவது, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நூல் தொகுதி உருவான 1950, 1960ஆம் ஆண்டுகள். மூன்றாவது, கணினிவழிப் பட்டியல் நடைமுறைக்கு வந்த 1970களுக்குப் பிற்பட்ட காலம். இம்மூன்றனையும் இணைத்து நோக்குங்கால், சிறுபான்மை மொழியொன்றின் நூல்களுக்கு நூலக அமைப்பு மாற்றம் என்ன விளைவை உண்டாக்குகின்றது என்பது தெளிவாகும்.

காவலர் நிலையிலிருந்து நூலகர் நிலைக்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை நூலகப் பணி என்பது காவற்பணியாகவே பெரிதும் கருதப்பட்டது. நூல்கள் பூட்டிய நிலைப்பேழைகளில் இருக்கும். வேண்டுவோர் சீட்டெழுதிக் கொடுக்க, பணியாளர் எடுத்து வந்து தருவார். நூல் காணாமற்போகாமல் இருப்பதே பணியாளரின் முதற்கடமை. அவர் நூலின் பொருளை அறிந்திருக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு எவர்க்கும் இருக்கவில்லை.

இந்நிலையில்தான் சென்னைப் பல்கலைக்கழகம் 1924ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தன் முதல் நூலகராக அரங்கநாதனை அமர்த்தியது. 1892இல் சீர்காழியில் பிறந்த அவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று, அரசினர் கல்லூரிகளில் கணித ஆசிரியராய்ப் பணியாற்றியவர். நூலகப் பயிற்சி எதுவும் அவருக்கு அதுவரை இருந்ததில்லை. பணியேற்ற சில நாள்களிலேயே அதன் தனிமையும் வெறுமையும் தாளாமல் கல்லூரிக்குத் திரும்ப விழைந்தார் என அவர்தம் வாழ்க்கை வரலாறு கூறும். இலண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்று வந்தபின் முடிவெடுக்கலாம் என்னும் உடன்பாட்டின்பேரில் அவர் பணியில் நீடித்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகவியல் பள்ளியில் பெர்விக் சேயர்சு என்பாரிடம் பயின்றும், நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களை நேரிற் கண்டும் 1925இல் சென்னை மீண்டார். திரும்பி வந்தவர், கல்லூரிக்குச் செல்லும் எண்ணத்தைக் கைவிட்டிருந்தார்.

அதன்பின் அவர் செய்த பணிகளுள் நூலகப் பணியாளரின் நிலையை மாற்றியவை நம் ஆய்வுக்கு முதன்மையானவை. பூட்டிய பேழைகளுக்கு மாறாக, வாசகரே நிலைப்பேழைகளுக்கிடையே சென்று நூல்களைத் தெரிந்தெடுக்கும் திறந்த முறையை அவர் நடைமுறைப்படுத்தினார். இதனால் காவற்பணியின் தேவை குறைந்தது. ஆயின் பணியாளரின் தேவை குறையவில்லை. பேழைகளுக்கிடையே நிற்கும் வாசகர்க்கு வழிகாட்ட ஒருவர் வேண்டியிருந்தது. வாசகர் வினவும் ஐயங்களுக்கு நூல்களின் துணைகொண்டு விடையளிக்கும் இப்பணியினை நாம் உசாத்துணைப் பணி என வழங்குகிறோம். அதற்கென்றே பயின்ற பணியாளரை அமர்த்துவது நூலகத்தின் தலையாய கடமை என்பது அரங்கநாதனின் உறுதியான கருத்து. 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் இக்கருத்தின் அடிப்படையில் எழுந்தவையே. நூல்கள் பயன்பாட்டிற்குரியவை என்று தொடங்கி, வாசகர்க்கு அவர்க்குரிய நூலையும் நூலுக்கு அதற்குரிய வாசகரையும் சேர்ப்பித்தல், வாசகரின் காலத்தைக் காத்தல் என விரிந்து, நூலகம் வளரும் உயிரி என்று முடியும் அவ்விதிகள் ஒவ்வொன்றும் பணியாளர் ஒருவரின் இருப்பை வேண்டி நிற்பனவாகும்.

பணியாளரை உருவாக்குவதற்குப் பயிற்சி வேண்டும். 1928இல் தோற்றுவிக்கப்பட்ட சென்னை நூலகச் சங்கத்தின் சார்பில் 1929இல் கோடைக்காலப் பயிற்சி தொடங்கப்பெற்றது. 1931இல் பல்கலைக்கழகமே அதனை ஏற்று நடத்தலாயிற்று. 1937இல் அது பட்டதாரிகளுக்குரிய ஓராண்டுப் பட்டயக் கல்வியாக உயர்ந்தது. காவலர்க்குப் பட்டயம் வேண்டுவதில்லை. நூலகர்க்கு வேண்டும் என்னும் கருத்து இவ்வாறு நிறுவன வடிவம் பெற்றது. பின்னாளில் அரங்கநாதன் தம் வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஓர் இலட்சம் ரூபாயை வழங்கி, அப்பல்கலைக்கழகத்தில் நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்று அமைய வழிவகுத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

பிரிவுகளும் வாய்பாடும்

பணி வேறுபட்டபோது அமைப்பும் வேறுபட்டது. நூல் வாங்கும் பிரிவு, பருவ இதழ்ப் பிரிவு, பகுப்பும் பட்டியலும் செய்யும் நுட்பப் பிரிவு, பராமரிப்புப் பிரிவு, இரவல் பிரிவு, உசாத்துணைப் பிரிவு எனப் பணிகளை அரங்கநாதன் வகுத்தார். ஒவ்வொரு பிரிவுக்கும் எத்தனை பேர் வேண்டும் என்பதற்குக் கணித ஆசிரியர்க்கே உரிய முறையில் வாய்பாடு ஒன்றையும் அமைத்தார். அவ்வாய்பாட்டின்படி ஆண்டுதோறும் சேரும் நூல்கள் 6000க்கு வாங்கும் பிரிவில் ஒருவர், 3000க்குப் பராமரிப்புப் பிரிவில் ஒருவர், 2000க்கு நுட்பப் பிரிவில் ஒருவர் வேண்டும். பருவ இதழ்கள் 500க்கு ஒருவரும், நாளொன்றுக்கு வரும் வாசகர் 50 பேருக்கு உசாத்துணைப் பணியாளர் ஒருவரும் வேண்டும்.

இவ்வெண்கள் உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. ஆண்டுக்கு 6000 நூல்கள் சேரும் நூலகத்தில் அவற்றை வாங்க ஒருவர் போதுமானால், அவற்றைப் பகுத்துப் பட்டியலிட மூவர் வேண்டும். வாங்குவதைக் காட்டிலும் வாசகர் கண்டடையும்படி செய்வது மும்மடங்கு உழைப்பைக் கோருகின்றது. இவ்விகிதத்தை நாம் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். பிற்காலத்தில் நிகழ்ந்த அமைப்பு மாற்றங்கள் முதலில் கைவைத்தது இந்த மூவர் மீதேயாகும்.

நுட்பப் பிரிவின் பணி மொழியறிவைச் சார்ந்தது என்பதற்கும் அரங்கநாதனின் பணியிலேயே சான்றுகள் உள. 1933இல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்புமுறையில் தமிழ்மொழிக்குரிய எண் 31. இலக்கியத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்தான ‘ஓ’வுடன் அதனைச் சேர்த்தால் தமிழ் இலக்கியம் என்பது மூன்றே குறிகளில் அடங்கிவிடும். மெல்வில் டியூயியின் தசமப் பகுப்புமுறையிலோ தமிழ் இலக்கியம் 894.811 என ஆறு இலக்கங்களில் அமைந்தது. மேலைநாட்டு இலக்கியங்கள் எட்டாம் நூற்றின் முற்பகுதிகளைப் பெற்றுக்கொள்ள, எஞ்சியவற்றுள் ஒன்றாகத் தமிழ் ஒதுக்கப்பட்டமையின் விளைவு இது.

1934இல் வெளிவந்த அவருடைய பட்டியல் விதிநூல் இந்தியப் பெயர்களைப் பதிவுசெய்யும் முறையை விரிவாக ஆராய்ந்தது. உ. வே. சாமிநாதையர் என்னும் பெயரில் ‘உ’ உத்தமதானபுரம் என்னும் ஊரையும் ‘வே’ வேங்கடசுப்பையர் என்னும் தந்தை பெயரையும் குறிக்கும். குடும்பப் பெயர் என்பது அதில் இல்லை. ஐரோப்பிய வழக்கையே அறிந்த ஒருவர் இப்பெயரைப் பதிவு செய்யப் புகுந்தால் எங்கே தொடங்குவார்? மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தந்தை பெயரைப் பின்னால் எழுதும் வழக்கம் வேரூன்றியபின் இவ்விடர்ப்பாடு இருமடங்காயிற்று. ஒரே ஆசிரியரின் நூல்கள் பட்டியலில் இரண்டு மூன்று இடங்களிற் சிதறிக் கிடப்பதற்கு இதுவே பெருங்காரணம்.

ஊதியமும் தகுதியும்

பணியாளரின் பொறுப்பு உயர்ந்த அளவிற்கு அவர்தம் மதிப்பு உயர்ந்ததா என்னும் வினா எழுகின்றது. நூலகர் ஆசிரியரோடு ஒத்த நிலையினரா, அலுவலகப் பணியாளரோடு ஒத்த நிலையினரா என்பது பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் தீராத சிக்கலாய் இருந்தது. இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழு 1957இல் அரங்கநாதன் தலைமையில் அமைத்த நூலகக் குழு, நூலகப் பணியாளரின் ஊதியம் ஆசிரியர் ஊதியத்திற்கு நிகராக அமைதல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. கோட்பாட்டளவில் இது பெருவெற்றி எனலாம். எனினும், ஊதிய விகிதம் ஒத்திருப்பதனால் மட்டும் ஆய்வாளரும் நூலகரும் ஒரே மேசையில் அமர்ந்து பணியாற்றிவிடுவதில்லை. அத்தகைய கூட்டுழைப்பு நிகழ்ந்த ஓர் இடத்தை இனி நாம் காண்போம்.

மலாயாவில் தமிழ்நூல் தொகுதி

இராபிள்ஸ் கல்லூரியும் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியும் இணைந்து 1949இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றியது. அங்கு இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்த நிலையில், அதில் முதலிடம் பெற வேண்டிய மொழி எது என்பது பற்றிக் கருத்து வேறுபாடு எழுந்தது. பேராசிரியர் க. அ. நீலகண்ட சாத்திரியார் வழங்கிய பரிந்துரை வடமொழிக்கு முதன்மை தந்தமையால், தமிழ் மக்களிடையே கடும் எதிர்ப்புத் தோன்றியது. கோ. சாரங்கபாணியின் தமிழ்முரசு அவ்வெதிர்ப்பிற்குக் குரல் கொடுத்ததோடு, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் நிதி திரட்டவும் முற்பட்டது. துறை 1956இல் தமிழுக்குச் சிறப்பிடம் தந்து தொடங்கியது. மக்கள் வழங்கிய அந்நிதி தமிழ்நூல் தொகுதிக்கு ஆதாரமாயிற்று.

நூலக வரலாற்றில் இது அரிய நிகழ்வாகும். பல்கலைக்கழக நூலகங்கள் பொதுவாக அரசு மானியத்தாலும் செல்வர் கொடையாலும் வளர்வன. இங்கோ, பல்கலைக்கழக வாயிலை மிதிக்க வாய்ப்பற்ற உழைக்கும் மக்களின் பொருளும் நூல்களாக மாறி நிலைப்பேழைகளில் அமர்ந்தது. அந்நூல்களை வாசகர் கண்டடையச் செய்யும் பொறுப்பு, இந்நிலையில் நிருவாகக் கடமை என்ற அளவைக் கடந்து ஒரு நம்பிக்கைப் பொறுப்பாகவும் ஆகின்றது.

துறை கோலாலம்பூர் வளாகத்திற்கு மாறியபின், 1960களில் அதற்குத் தலைமையேற்ற தனிநாயக அடிகளார் நூற்பட்டியலை ஆய்வின் முதற்படியாகக் கருதியவர். ஐரோப்பிய நூலகங்களில் தமிழ்நூல்களைத் தேடியலைந்த பட்டறிவு அவருக்கு இருந்தது. அந்தாம் தெ புரோயன்சா இயற்றி 1679இல் அச்சான தமிழ் - போர்த்துக்கீசிய அகராதியின் படியொன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்ததைக் கண்டறிந்து, 1966இல் கோலாலம்பூரிலிருந்து அதன் மறுபதிப்பை வெளிக்கொணர்ந்தவர் அவரே. அந்நூல் அழியவில்லை, நூலகத்திலேதான் இருந்தது. அதன் அருமையை அறிந்து தேடும் ஒருவர் வரும்வரை அது தமிழுலகிற்கு இல்லாததாகவே இருந்தது.

1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடைபெற்ற முதலாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் ஆண்டிலேயே, தமிழியல் நூல்களுக்கான அடிகளாரின் வழிகாட்டிப் பட்டியல் மலாயாப் பல்கலைக்கழகப் பதிப்பாக வெளிவந்தது. மூன்றாண்டுகள் கழித்து, 1969இல், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளியான தமிழ் நூல்கள், இதழ்கள் ஆகியவற்றின் பட்டியலை இராம சுப்பையா தொகுக்க, மலாயாப் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்டது. தொகுத்தவர் இந்திய ஆய்வியல் துறையைச் சார்ந்தவர், வெளியிட்டது நூலகம். துறையும் நூலகமும் ஒன்றன் பணியை மற்றொன்று ஏற்றுச் செய்த காலம் அது. மலேசியத் தமிழிலக்கிய வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு இன்றும் பயன்படும் தொடக்கநிலைக் கருவிகளுள் அப்பட்டியல் ஒன்று.

ஏறத்தாழ இதே காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. அமெரிக்கப் பொதுச்சட்டம் 480இன்கீழ் இந்தியாவிற்கு விற்கப்பட்ட உணவுத் தானியத்திற்கு ஈடாகச் சேர்ந்த ரூபாயைக் கொண்டு, 1962 முதல் இந்திய நூல்கள் வாங்கப்பட்டு அந்நாட்டு நூலகங்களுக்கு அனுப்பப்பட்டன. ஆண்டுதோறும் வந்து குவிந்த தமிழ், தெலுங்கு, வங்க நூல்களைக் கையாளத் தென்னாசிய நூற்றொகுதி வல்லுநர் என்னும் தனிப் பதவி அங்குத் தேவைப்பட்டது. மொழியும் நூலகவியலும் ஒருங்கே கற்றவர்கள் அப்பதவிகளில் அமர்ந்தனர். கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்தபின், அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த தமிழ்நூல் தொகுதியைச் சிக்காகோப் பல்கலைக்கழகம் 1994இல் விலைக்கு வாங்கித் தமிழகத்திலேயே ஆராய்ச்சி நூலகமாக நிலைபெறச் செய்தது. அதன் மதிப்பை மதிப்பிடவல்லவர் பல்கலைக்கழகத்தில் இருந்தமையாலேயே அது கைகூடியது எனலாம்.

கணினியும் கூட்டுப் பட்டியலும்

மூன்றாம் காலக்கட்டம் கணினியோடு தொடங்குகின்றது. ஒரே நூலை நூறு நூலகங்கள் தனித்தனியே பட்டியலிடுவது வீண்செலவு. ஒரு நூலகம் செய்த பதிவை ஏனைய நூலகங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்னும் எண்ணமே இதன் அடிப்படை. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலக் கல்லூரிகள் 1967இல் இதற்கென ஒரு கூட்டமைப்பை உருவாக்கி, 1971இல் நேரடிக் கணினித் தொடர்பில் பட்டியலிடத் தொடங்கின. மலேசியாவில் 1978இல் தேசிய நூலகமும் பல்கலைக்கழக நூலகங்களும் இணைந்து மால்மார்க் என்னும் திட்டத்தைத் தொடங்கின. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கணினி அதற்குப் பயன்பட்டது. சிங்கப்பூரில் 1987இல் சிலாஸ் என்னும் கூட்டுப் பட்டியல் சேவை தோன்றியது.

இதனால் விளைந்த நன்மை பெரிது. ஆங்கில நூல்களைப் பொறுத்தவரை, நுட்பப் பிரிவின் வேலையில் பெரும்பகுதி எங்கோ முன்னரே செய்து முடிக்கப்பட்டிருந்தது. எனவே அப்பிரிவின் பணியிடங்களைக் குறைப்பது நியாயமாகத் தோன்றியது. ஆயின் சிரம்பானிலோ ஈப்போவிலோ நூலாசிரியர் ஒருவர் தம் சொந்தச் செலவில் அச்சிட்ட கவிதைத் தொகுப்புக்கு உலகின் வேறெந்த நூலகம் பட்டியற்பதிவு செய்து வைத்திருக்கும்? கூட்டுப் பட்டியலின் பயன் பல நூலகங்களில் உள்ள நூலுக்கே உரியது. ஒரே நூலகத்தில் மட்டும் உள்ள நூலுக்கு, அந்நூலகத்தின் பணியாளரே கதி. அப்பணியிடம் நீக்கப்பட்டால் அந்நூல் பதிவின்றிப் பெட்டியிலேயே கிடக்க நேரும்.

எழுத்துச் சிக்கலும் இதனோடு சேர்ந்தது. அக்காலக் கணினிகள் தமிழெழுத்தைக் கையாளும் நிலையில் இல்லாமையால், தமிழ் நூற்பெயர்கள் ரோமன் எழுத்தில் பெயர்த்தெழுதப்பட்டன. அமெரிக்க நூலகங்கள் வகுத்த பெயர்ப்புமுறையில் லகர, ளகர, ழகரங்கள் மூன்றும் ஒரே ரோமன் எழுத்தின் வடிவங்களே. லகரத்திற்கு வெறும் எழுத்து. ளகரத்திற்குக் கீழே ஒரு புள்ளி. ழகரத்திற்குக் கீழே ஒரு கோடு. தேடும்போது புள்ளியையும் கோட்டையும் கணினி பொருட்படுத்தாவிடில் வலி, வளி, வழி ஆகிய மூன்று சொற்களும் ஒன்றாகிவிடும். அறமும் அரமும் ஒன்றாகும். மனமும் மணமும் ஒன்றாகும். ழகரத்தை நம் வழக்கப்படி இரண்டு ஆங்கில எழுத்துகளால் எழுதித் தேடும் மாணவர்க்கோ எதுவுமே கிடைக்காது. நூல் இல்லை என அவர் எண்ணித் திரும்பிச் செல்வார். அட்டைப் பட்டியல் இருந்த காலத்தில் தமிழறிந்த பணியாளர் கையால் எழுதிய தமிழ் எழுத்து அவர்க்கு வழிகாட்டியிருக்கும்.

1991இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. 1997இல் சிங்கப்பூரில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாடு கணினித் தமிழ் ஆர்வலர்களை ஒருங்கு திரட்டியது. ஆகவே எழுத்துச் சிக்கல் நுட்பவியல் அளவில் தீர்ந்துவிட்டது எனலாம். ஆனால், ரோமன் எழுத்தில் முன்னரே பதிவான நூல்களைத் தமிழெழுத்தில் மீளப் பதிவுசெய்யக் கணினி மட்டும் போதாது. நூலைக் கையில் எடுத்து, தலைப்புப் பக்கத்தைப் படித்து, லகர ளகர வேறுபாடு அறிந்து எழுதுவதற்கு ஒருவர் வேண்டும்.

துறைசார் நூலகர் முதல் பணிக்குழு வரை

1990களில் மற்றுமோர் அமைப்பு மாற்றம் பரவலாயிற்று. அமெரிக்காவின் அரிசோனாப் பல்கலைக்கழக நூலகம் அப்பத்தாண்டின் தொடக்கத்தில் மரபுவழிப்பட்ட பிரிவுகளைக் கலைத்துப் பணிக்குழுக்களை அமைத்தது. படிநிலைகள் குறைந்தன; பணியாளர் பலரும் முடிவெடுப்பதில் பங்குபெற்றனர். பின்னர்ப் பல நாட்டு நூலகங்களிலும் தகவல்திறன் பயிற்சி, மின்வளம், ஆய்வுத் துணை என்றாற்போலப் பணியின் தன்மையை ஒட்டிய பிரிவுகள் தோன்றின. பாடத்துறையையோ மொழியையோ ஒட்டி அமைந்த பதவிகள் சில இடங்களில் அருகின.

இம்மாற்றத்தை நாம் முற்றாகக் குறைகூற இயலாது. மாணவர் நூலகத்திற்கு நேரில் வராமலே மின்னிதழ்களைப் படிக்கும் காலத்தில், இரவல் மேசையைச் சுற்றி அமைந்த பழைய அமைப்பு நிலைக்க வேண்டும் என்பது பொருந்தாது. நூலகம் வளரும் உயிரி என்ற அரங்கநாதனே இதனை முதலில் ஏற்றிருப்பார். எனினும் பணியின் தன்மையை மட்டும் அடிப்படையாகக் கொண்ட அமைப்பில் மொழி என்பது யாருடைய பொறுப்பு என்னும் வினா விடையின்றி நின்றுவிடுகின்றது. மின்வளக் குழு மின்வளத்தைப் பார்க்கும். பயிற்சிக் குழு பயிற்சியைப் பார்க்கும். தமிழ்நூல் தொகுதி எல்லாக் குழுக்களுக்கும் உரியதாகி, அதனாலேயே எந்தக் குழுவுக்கும் உரியதாகாமற் போகும் நிலை உண்டு.

பல்கலைக்கழக நூலகம் அன்றாயினும், சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்குக் குறிப்பிடுதல் தகும். 1965 முதல் 2015 வரையிலான சிங்கப்பூர்த் தமிழிலக்கிய நூல்களை மின்னாக்கம் செய்யும் திட்டம், தமிழ்ச் சமூகத் தொண்டூழியர்களின் முயற்சியோடும் வாரியத்தின் துணையோடும் 2015இல் நிறைவேறியது. 1950களில் மக்கள் பொருளைத் தந்தனர். 2015இல் மக்கள் உழைப்பைத் தந்தனர். இது போற்றத்தக்கதே. ஆயினும் தொண்டூழியரின் ஆர்வம் நிலையான பணியிடம் ஒன்றுக்கு ஈடாகாது. திட்டம் முடிந்தபின் வெளிவரும் நூல்களை ஆண்டுதோறும் தொடர்ந்து பதிவுசெய்யும் கடமை நிறுவனத்துக்கே உரியது.

முடிவுரை

சென்னையில் அரங்கநாதன் காவலரை நூலகராக்கினார். பணிகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆளெண்ணிக்கையை வகுத்தார். மலாயாவில் மொழியறிந்த ஆய்வாளரும் நூலகமும் இணைந்து, அந்நாட்டுத் தமிழ்நூல்களுக்கு முதற்பட்டியல்களைத் தந்தனர். கணினிக் காலம் பொதுவான நூல்களுக்கு வசதி பெருக்கியதோடு, அரிய நூல்களுக்கு மொழியறிந்த பணியாளரின் தேவையை முன்னினும் மிகுவித்தது. அமைப்புகள் மாறிவந்துள்ளன, இனியும் மாறும். எவ்வமைப்பாயினும், தமிழ்நூல் ஒன்றைக் கையிலெடுத்துப் படித்துப் பதிவு செய்யவல்ல பணியாளர் ஒருவர்க்கு அதில் பெயர் குறித்த பொறுப்பு உண்டா என்பதே நாம் வினவ வேண்டுவது.

இதில் தமிழ்த்துறையினர்க்கும் ஆசிரியர்களுக்கும் கடமை உண்டு. தமிழ் பயின்ற மாணவர்க்கு ஆசிரியப் பணியையும் இதழியலையும் காட்டும் நாம், நூலகவியலையும் ஒரு வாழ்க்கைத் தொழிலாக எடுத்துக்காட்டுதல் வேண்டும். ஆய்வு மாணவர்களைக் கொண்டு துறைதோறும் ஆண்டு நூற்பட்டியல் தொகுப்பிக்கலாம். 1969இன் பட்டியலைத் தொடர்ந்து விரிவுபடுத்தலாம். நூலக அமைப்பை மாற்றியமைக்கும் குழுக்களில் மொழித்துறைகளின் கருத்தும் கேட்கப்படுமாறு வலியுறுத்தலாம். தமிழ் உயிர் என்று சொல்லிப் பொருள் தந்த மக்களின் நூல்கள் நிலைப்பேழைகளில் உள்ளன. அவற்றைத் தேடிவரும் மாணவர் வெறுங்கையோடு திரும்பாமல் இருக்க வேண்டுமானால், இவற்றுள் ஒன்றையேனும் நாம் உடனே தொடங்குதல் வேண்டும்.